1965 பேஸ்மேன் ஹெட்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது, பிறகு விற்கும்போது எதைச் சொல்வது?

தடிக்கம்பி:
வணக்கம். ஃபெண்டர் பேஸ்மேன் ஹெட் (பேஸ் கிதாருக்கான வால்வு ஆம்ப், ஸ்பீக்கர் இல்லாத பெட்டி) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. கருப்பு முகப்பு, 50 வாட், கூடவே இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள கேபினட். விற்பவர் "1965 மாடல், எல்லாமே ஒரிஜினல், நன்றாக வேலை செய்கிறது" என்கிறார். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்ததில் மின்கம்பி இரண்டு முள் பிளக்கோடு இருக்கிறது. உள்ளே ஒட்டிய வால்வு அட்டவணையில் "ஓஜே" என்று முத்திரை. ஸ்பீக்கர்களில் ஒன்றின் கூம்பு மட்டும் புதிதாகத் தெரிகிறது. அனுப்பிய வீடியோவில் வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும் ஹம் ("ம்ம்" என்ற இரைச்சல்) கேட்கிறது. மல்டிமீட்டர் கையில் உண்டு, சோல்டரிங் பழக்கமும் உண்டு. நேரில் என்னென்ன சோதிக்க வேண்டும்? எதற்கு விலை குறைக்கச் சொல்லலாம்? பின்னால் விற்க நேர்ந்தால் மதிப்புக் குறையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

வால்வுப்பித்தன்:
முதலில் வயதைப் பார்த்துவிடுவோம். அந்த முத்திரையின் முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். ஆங்கில அகரவரிசையில் முதல் எழுத்து 1951 என்று கணக்கு. "ஓ" பதினைந்தாவது எழுத்து, ஆகவே 1965. "ஜே" பத்தாவது, ஆகவே அக்டோபர். ஆனால் காகிதத்தை வேறு பெட்டியில் ஒட்டிவிட முடியும். அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சேஸியை (உதிரிகள் பொருத்திய உலோகச் சட்டம்) வெளியே எடுக்கச் சொல்லி, பொட்டென்ஷியோமீட்டர்களின் (வால்யூம், டோன் திருகிகள், சுருக்கமாகப் பொட்) முதுகில் உள்ள எண்ணைப் படியுங்கள். 137-6532 என்றால் 137 சிடிஎஸ் நிறுவனம், 65 ஆண்டு, 32 வாரம். டிரான்ஸ்ஃபார்மரில் 606-5-30 மாதிரி இருந்தால் 606 ஷூமாக்கர், 5 ஆண்டின் கடைசி இலக்கம், 30 வாரம். ஸ்பீக்கர் சட்டத்தில் 220 ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபோர்டு. உதிரிகளின் தேதி முத்திரைக்குச் சில வாரமோ சில மாதமோ முந்தியதாக இருப்பதுதான் இயல்பு. முத்திரைக்குப் பிந்திய தேதி ஒன்று தென்பட்டாலும் அந்த உதிரி பிற்பாடு மாற்றியது.

விலையைத் தீர்மானிப்பவை பவர், அவுட்புட் ஆகிய இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களும்தான், முக்கியமாக ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். அதன் கம்பிகள் போய்ச் சேரும் இடத்தில் சோல்டர் மட்டும் பளபளவென்று இருக்கிறதா, கம்பி நடுவில் ஒட்டுப் போட்டிருக்கிறதா, சேஸியில் பழைய திருகு ஓட்டை காலியாக நிற்கிறதா என்று பாருங்கள். முகப்பிலோ பின்பக்கத்திலோ புதிதாக ஓட்டை துளைத்து மாஸ்டர் வால்யூம் சேர்த்திருந்தால் அது திரும்பாத சேதம். உறுதியாகப் பேரம் பேசுங்கள். ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் (உள் மின்சாரத்தைச் சீராக்கும் எலக்ட்ரோலிட்டிக் வகை) மின்கம்பியும் மாற்றப்பட்டிருந்தால் அது குறையே இல்லை. 60 வயது எலக்ட்ரோலிட்டிக்கை "ஒரிஜினல்" என்று பெருமையாகச் சொல்வது விற்பவருக்கு லாபம், வாங்குபவருக்குச் செலவு. வால்யூம் பூஜ்யத்தில் கேட்கும் அந்த ஹம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும்.

கூம்பு மாற்றிய ஸ்பீக்கரைத் தனியாகக் கழற்றி அளங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் சுமார் 5.5 முதல் 7 வரை காட்டும். இரண்டும் இணையாக இருக்கையில் பிளக்கில் ஏறக்குறைய 3. இரு கட்டைவிரலாலும் கூம்பை நேராக அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் வந்தால் சுருள் மையத்தில் இல்லை.

ஓம்மீட்டர்:
அந்த இரண்டு முள் பிளக்கோடு அதைத் தொட்டு வாசிக்க வேண்டாம். கிரவுண்ட் சுவிட்ச் உள்ள இந்த ஆம்ப்களில் மின்கம்பியின் ஒரு காலுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அது ஷார்ட் ஆனால் சேஸியும் கிதாரின் கம்பிகளும் நேராக மெயின்ஸில். வாங்கியதும் முதல் வேலை மூன்று முள் கம்பி: எர்த் தனி போல்ட்டில், பல் வாஷரோடு சேஸிக்கு. லைவ் முதலில் ஃபியூஸுக்கு, அதிலிருந்து சுவிட்சுக்கு. நியூட்ரல் நேரே டிரான்ஸ்ஃபார்மருக்கு. அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றிவிடுங்கள். ஃபியூஸ் அளவு பின்பக்கத்தில் அச்சிட்டபடிதான் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய ஃபியூஸ் போட்டிருந்தால் யாரோ ஒரு கோளாறை மறைத்திருக்கலாம்.

உங்கள் ஊரில் 230 வோல்ட் என்றால், 120 வோல்ட்டுக்குச் செய்த ஆம்புக்கு நிஜமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், 500 விஏ போதும். உள்ளங்கை அளவுப் பயண கன்வர்ட்டர் கூடவே கூடாது.

முதல் முறை போடும்போது பழைய இழை பல்பு 100 வாட் ஒன்றை மின்கம்பியோடு தொடரில் இணைத்துக்கொள்ளுங்கள். எல்ஈடி பல்பு இதற்கு ஆகாது. பிரகாசமாக எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். ஸ்பீக்கர் அல்லது 4 ஓம் லோடு இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

அடுத்தது பவர் வால்வுகளின் கிரிட், அதாவது வால்வில் ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை. இரண்டு 6எல்6ஜிசியையும் கழற்றிவிட்டு, ஆம்பை ஓட விட்டு, ஒவ்வொரு சாக்கெட்டிலும் 5ஆம் முனையைச் சேஸிக்கு எதிராக டிசி வோல்ட்டில் அளங்கள். மைனஸ் 45 முதல் 55க்குள், இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே 450 வோல்ட்டுக்கு மேல் ஓடும், வால்வு இல்லாதபோது இன்னும் ஏறும். ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். அணைத்த பிறகு 10 கே (கிலோ ஓம்), 5 வாட் மின்தடையால் ஃபில்டர்களைக் காலி செய்து, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

தடிக்கம்பி:
மிக்க நன்றி. விற்பவர் ஒத்துக்கொண்டார், அளந்துவிட்டேன். தேதிகள் எல்லாம் 1965க்குள் பொருந்துகின்றன. கிரிட்: ஒன்றில் மைனஸ் 48, இன்னொன்றில் மைனஸ் 31. இது எவ்வளவு தீவிரம்?

ஓம்மீட்டர்:
அப்படியே வாசித்தால் அந்தப் பக்கத்து வால்வின் பிளேட் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) சூடேறிச் சிவக்கும், பிறகு டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து. ஆனால் சரிசெய்வது மலிவு. 17 வோல்ட் வித்தியாசம். பயாஸ் (கிரிட்டுக்குத் தரும் மைனஸ் வோல்ட்) கொடுக்கும் மின்தடை 220 கே என்றால் சுமார் 0.08 மில்லியாம்பியர் கசிகிறது. முதல் சந்தேகம், ஃபேஸ் இன்வர்ட்டரிலிருந்து (சிக்னலை இரு பவர் வால்வுகளுக்கும் பிரித்துத் தரும் கட்டம்) அந்தக் கிரிட்டுக்கு வரும் கப்ளிங் கெப்பாசிட்டர். மறுபக்கம் இருநூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, கொஞ்சம் கசிந்தாலும் கிரிட்டை மேலே இழுக்கும். ஆம்பை அணைத்து, ஃபில்டர்களைக் காலி செய்து, அதன் கிரிட் பக்கக் காலை மட்டும் தூக்குங்கள். பிறகு திரும்ப அளங்கள். மைனஸ் 48க்கு வந்தால் அதுதான் குற்றவாளி. பழையதில் அச்சிட்ட மதிப்பிலேயே, 600 வோல்ட் தாங்கும் ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள், ஜோடியாகவே மாற்றிவிடுங்கள்.

காலைத் தூக்கியும் மாறாவிட்டால் மீட்டரின் சிவப்பு முனையை உதிரிகள் நிற்கும் கருப்பு நார்ப்பலகையின் வெறும் மேற்பரப்பில், அந்தக் கெப்பாசிட்டர் அருகே வைத்துப் பாருங்கள். இந்த மெழுகுப் பலகைகள் ஈரத்தை உறிஞ்சிக் கடத்தத் தொடங்கும். சில வோல்ட்டாவது காட்டினால் பலகையே கசிகிறது. ஹேர் ட்ரையரின் மிதமான சூட்டில் நிதானமாகக் காயவைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

கிரிட்கள் சமமானதும் வால்வுகளைப் போட்டு, 8ஆம் முனைக்கும் சேஸிக்கும் நடுவே 1 ஓம் மின்தடை வைத்து அளங்கள். 1 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லியாம்பியர். பிளேட்டில் 440 வோல்ட் என்றால் வால்வின் உச்சவரம்பான 30 வாட்டில் 65 சதவீதம், அதாவது 19.5 வாட், வால்வுக்கு 44 மில்லியாம்பியர் சுற்றி நிறுத்துங்கள்.

கீழ்ச்சுருதி:
விலைப் பேச்சுக்கு அந்த மைனஸ் 31 எண்ணையே காட்டுங்கள். ஃபில்டர் செட், கப்ளிங் ஜோடி, மின்கம்பி, கூலி ஆகியவற்றைக் கூட்டி அப்படியே கழிக்கச் சொல்லுங்கள். கூம்பு மாற்றிய ஸ்பீக்கருக்குத் தனியாகக் குறையுங்கள். ஒன்று மட்டும் யோசியுங்கள்: 50 வாட்டும் அந்தக் கேபினட்டும் டிரம்ஸ் எதிரே சுத்தமான பேஸுக்குப் போதாது. கீழ் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், அதைப் பெரிதாக எழுப்ப அந்தப் பெட்டி திணறும். ரெக்கார்டிங்குக்கு அருமை. பிற்பாடு இதைத் தேடி வருபவர்களில் கிதார்காரர்கள்தான் நிறைய, விளம்பரத்தை அவர்களும் பார்க்கும்படி எழுதுங்கள்.

கழற்றிய ஒவ்வோர் உதிரியையும் உறையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி ஆம்போடு வையுங்கள். டோலக்ஸ் (பெட்டியின் மேலுறை) கிழிசலை ஒட்டலாம், முழுதாக மாற்ற வேண்டாம். விற்கும்போது பொட் எண்கள், இரு டிரான்ஸ்ஃபார்மர், முத்திரை, சேஸியின் உட்புறம், ஸ்பீக்கர் முதுகு ஆகியவற்றின் படம் போடுங்கள். கூம்பு மாற்றியதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

கூரியரில் அனுப்பினால் ஹெட்டும் கேபினட்டும் தனித்தனிப் பெட்டி. வால்வுகளைக் கழற்றி, சாக்கெட் எண் எழுதித் தனியாகப் பொதியுங்கள். இந்த ஹெட்டில் சேஸி மேலே தொங்குகிறது, டிரான்ஸ்ஃபார்மர்கள் தலைகீழாக. கீழே விழுந்தால் அந்த எடை சேஸியை வளைத்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர்களுக்கும் பெட்டித் தரைக்கும் இடையே கெட்டியான ஃபோமை இடைவெளியின்றி அடைத்து, சேஸி போல்ட்களை இறுக்கி, பெட்டிக்குள் பெட்டியாக, சுற்றிலும் 5 சென்டிமீட்டர் மெத்தையோடு அனுப்புங்கள்.