பிரிட்டனில் பயோகெமிஸ்ட்ரி லேப் பயிற்சிக்கு வந்திருக்கும் நம்ம கொங்குப் பிள்ளைகளுக்கு

கோபிச்செட்டிபாளையத்துத் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார்: "ஈரோட்டில் பயோகெமிஸ்ட்ரி முழுக்க நானேதான் பார்த்தேனுங்க அண்ணா. இங்கே எதைச் செய்தாலும் பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். மனசுக்குச் சங்கடமா இருக்குதுங்க."

நாமக்கல், கரூர், பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த பலருக்கும் இதே சங்கடம் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கே 'பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்' என்ற பட்டம் சட்டப்படி காக்கப்பட்டது. சுகாதாரத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான ஹெச்.சி.பி.சி.யில் பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. ஊரில் படித்த படிப்பையும் அனுபவத்தையும் காட்டி நேராக ஹெச்.சி.பி.சி.க்கு விண்ணப்பிப்பது ஒரு வழி. பயோமெடிக்கல் சயின்டிஸ்டுகளின் தொழில் அமைப்பான ஐ.பி.எம்.எஸ். அங்கீகரித்த லேபில் பயிற்சி பெற்று, போர்ட்ஃபோலியோவை (பயிற்சிச் சான்றுகளின் தொகுப்பு) முடித்து, வெளியிலிருந்து வரும் வெரிஃபையர் அதைச் சரிபார்த்த பிறகு தகுதிச் சான்றிதழ் வாங்குவது இன்னொரு வழி. இதற்கிடையில் லேப் அசிஸ்டென்டாகச் சேரப் பதிவு வேண்டியதில்லை. தயங்காமல் சேருங்கள், லேபின் நடைமுறை உள்ளிருந்தே பழகிவிடும்.

சரி, அந்தக் கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். உங்களுக்குப் பைப்பெட் பிடிக்கத் தெரியுமா என்ற சந்தேகத்தில் யாரும் நிற்பதில்லை. ஒரு ரிசல்ட்டை எப்போது நிறுத்திவைப்பீர்கள், ஏன் நிறுத்துவீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

என் பக்கத்தில் பயிற்சியில் இருந்த தம்பிக்கு ஒரு நாள் பொட்டாசியம் 9.1 என்று வந்தது. உயிருக்கே ஆபத்தான அளவு என்று உடனே வார்டுக்குப் போன் போட எழுந்துவிட்டான். சூப்பர்வைசர் அவனை உட்காரச் சொல்லி, "கால்சியம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். 1.1, ரொம்பக் குறைவு. ஏ.எல்.பி. என்ற நொதியும் அதேபோல் தரையில் கிடந்தது. அதே நோயாளிக்கு முந்தைய நாள் பொட்டாசியம் 4.2. சீரம் சிவக்கவும் இல்லை, ஆக ஹீமோலிசிஸ் (ரத்தச் சிவப்பணுக்கள் உடைவது) கிடையாது. ஊதா மூடிக் குழாயிலிருந்த ரத்தம் மஞ்சள் மூடிக் குழாயில் கலந்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் சேர்த்திருக்கும் 'பொட்டாசியம் ஈ.டி.டி.ஏ.' என்ற ரசாயனம் பொட்டாசியம் அளவை ஏற்றிவிடும், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், ஏ.எல்.பி.க்கு வேண்டிய துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் கட்டிப்போடும். வார்டுக்குப் போன் போகத்தான் போனது, ஆனால் புது சாம்பிள் கேட்டு. அதை ஏன் கேட்டோம் என்று தம்பி தன் வார்த்தையில் எழுதிய பிறகுதான் அந்தப் பக்கத்தில் கையெழுத்து விழுந்தது.

இதில் நம்மாட்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. செமி ஆட்டோ மெஷினில் பழகியவர்கள் சென்ட்ரிஃப்யூஜிலிருந்து எடுத்ததுமே சீரத்தின் நிறத்தைப் பார்ப்பார்கள். இங்கே ஹீமோலிசிஸ், மஞ்சள், கொழுப்பு மூன்றையும் அனலைசரே அளந்துவிடுவதால் பலர் குழாயைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தக் கண்ணை விட்டுவிடாதீர்கள்.

மாற்றிக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. பெரியவர்கள் சொன்னால் "சரிங்க சார்" என்று தலையாட்டும் மரியாதை நமக்கு ரத்தத்திலேயே ஊறியது. இங்கே அப்படிப் பேசாமல் நின்றால், இவருக்கு விளங்கவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். கன்ட்ரோல் (மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்க ஓட்டும், அளவு தெரிந்த சாம்பிள்) ஒன்று 3 எஸ்.டி. (திட்டவிலக்கம்) எல்லைக்கு வெளியே போனால், அது உள்ளே வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். வேலையை நிறுத்தி, "ரீஏஜென்ட் லாட் மாறியிருக்கிறது, கேலிப்ரேஷன் பார்க்கலாமா?" என்று வாயைத் திறந்து கேளுங்கள். கேள்வி கேட்கிற பிள்ளையைத்தான் அவர்கள் நம்புகிறார்கள்.

அப்புறம் அலகுகள். குளுக்கோஸ் 7.0 என்று பார்த்துப் பதறாதீர்கள், அது மில்லிமோல் கணக்கு. 18ஆல் பெருக்கினால் நம்ம ஊர் மி.கி. கணக்கில் 126. கிரியேட்டினின் 1 மி.கி. என்பது இங்கே 88 மைக்ரோமோல். சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. 6.5 சதவீதத்தை 48 என்பார்கள். ஒரு மாதம் போனால் தானாக வந்துவிடும்.

போர்ட்ஃபோலியோவில் சேர்க்கும் ஒவ்வொரு தாளிலும் நோயாளியின் பெயர், எண், பிறந்த தேதி எல்லாவற்றையும் அடித்து மறைத்துவிடுங்கள். ஒன்று தப்பினாலும் பெரிய குற்றமாகப் பார்ப்பார்கள்.

பெருந்துறையிலிருந்து வந்த தம்பி கீழே கேட்டிருக்கிறார், ஹெச்.சி.பி.சி. விண்ணப்பத்துக்கு மார்க் ஷீட் மட்டும் போதாதா என்று. போதாதுங்க தம்பி. பாடத்திட்டம், எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் போஸ்டிங் பார்த்தீர்கள் என்ற விவரம், துறைத் தலைவர் கையெழுத்திட்ட லாக் புக், எல்லாம் உங்கள் விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும். கல்லூரிக்கு மெயில் போட்டுவிட்டு இங்கே காத்திருந்தால் நாள்தான் ஓடும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ ஒரு அதிகாரக் கடிதம் எழுதி அனுப்பி, நேரில் போய் ஆபீஸில் கேட்கச் சொல்லுங்கள். செமஸ்டர் விடுமுறைக்கு முன்பே போகச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுபவர் இருக்கும் நாளாகப் பார்த்து.