பை 5-இல் ரிஸ்க் ஓஎஸ் எழவே மறுக்கிறது: கார்டில் கோளாறா, போர்டில் கோளாறா?

கேள்வி

வணக்கம். என் ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினி போர்டில் ரிஸ்க் ஓஎஸ் 5.30 இயங்குதளம் இரண்டு மாதங்களாக ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. சுவிட்சைப் போட்டுக் கையை எடுப்பதற்குள் திரை தயாராகிவிடும். அந்த வேகத்துக்காகவே இதை விரும்பத் தொடங்கினேன். இன்னும் வேகமாக இருக்கும் என்று பை 5 வாங்கி, அதே எஸ்டி கார்டைச் செருகினேன்.

கார்டில் உள்ள இயங்குதளம் பை 5-ஐ ஆதரிப்பதாகத் தெரியவில்லை, கான்ஃபிக் கோப்பில் ஓஎஸ்_செக்=0 என்று எழுதினால் இந்தச் சோதனையைத் தவிர்க்கலாம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. அப்படியே எழுதினேன். அறிவிப்பு போய்விட்டது, ஆனால் திரை கறுப்பாகவே நிற்கிறது. கார்டை மூன்று முறை புதிதாக எழுதிவிட்டேன். போர்டு பழுதா? திருப்பிக் கொடுக்க நாள் குறைவாக இருக்கிறது, தயவுசெய்து உதவுங்கள்.

பதில் 1

எந்த மின் அடாப்டர்? பை 5-க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் தருவது நல்லது. பழைய பை 3 அடாப்டரைப் போட்டிருந்தால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

கேட்டவர்

5 ஆம்பியர் அடாப்டர்தான். அதே போர்டில் லினக்ஸ் கார்டைப் போட்டால் நன்றாக எழுகிறது.

பதில் 2

போர்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், அதில் ஒரு பழுதும் இல்லை. கார்டும் சரிதான். நீங்கள் ஒரு வரி எழுதியதும் அறிவிப்பு மறைந்தது அல்லவா? கார்டில் உள்ள கோப்பை போர்டு ஒழுங்காகப் படிக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

காரணம் செயலி. பை 5-இல் இருப்பது கார்ட்டெக்ஸ் ஏ76. அதில் 32 பிட் கட்டளைகளைச் சாதாரண நிரல்கள் மட்டுமே பயன்படுத்த முடியும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 64 பிட்டில்தான் ஓட வேண்டும். ரிஸ்க் ஓஎஸ்ஸின் கெர்னலோ முழுக்க 32 பிட். ஓஎஸ்_செக் வரி வாசற்காவலரை விலக்கியது, அவ்வளவுதான். உள்ளே போன கெர்னலின் மொழி அந்தச் செயலிக்குப் புரியவில்லை.

64 பிட்டுக்கு மாற்றி கம்பைல் செய்தால், அதாவது மூலநிரலைப் புதிய செயலியின் கட்டளைகளாக மாற்றினால், ஆகாதா என்று கேட்பீர்கள். சி மொழியில் இருந்தால் ஓரளவு ஆகும். 1987-இல் ஏகார்ன் நிறுவனத்தின் ஆர்க்கிமிடீஸ் கணினிக்காகப் பிறந்த இந்த இயங்குதளத்தின் பெரும்பகுதி கையால் எழுதிய ஆர்ம் அசெம்பிளி, அதாவது ஆர்ம் செயலியின் கட்டளைகளையே ஒவ்வொன்றாக எழுதிய நிரல். பழைய ஆர்மில் ஒரே கட்டளை, செயலிக்குள் இருக்கும் பத்துப் பன்னிரண்டு ரெஜிஸ்டர்களின் மதிப்புகளை நினைவகத்தில் அடுக்கிவிடும். 64 பிட்டில் ஒரு தடவைக்கு இரண்டிரண்டாகத்தான் வைக்க முடியும். இப்படி வரிவரியாகத் திருத்தி எழுதும் வேலை அது. 2018-இல் மூலநிரல் அப்பாச்சி உரிமத்தில் திறந்துவிடப்பட்டது உண்மை. ஆனாலும் அத்தனை வரிகளையும் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டுமே.

வேகம் வேண்டுமானால் பை 4 எடுங்கள். அதன் ஏ72 செயலியில் 32 பிட் கெர்னல் ஓடும். நான்கு கோர்களில் ஒன்றை மட்டுமே ரிஸ்க் ஓஎஸ் பயன்படுத்தும், ஆனால் அந்த ஒன்றே பை 3-இன் கோரைவிட நல்ல வேகம். பை 5-ஐ விட மனமில்லை என்றால் லினக்ஸ் மேல், பழைய ஏகார்ன் கணினியைப் போல நடிக்கும் ஆர்பிசிஎமு என்ற எமுலேட்டரில் ஓட்டலாம், ஆனால் நீங்கள் விரும்பிய அந்த உடனடித் துள்ளல் அதில் இருக்காது.

கேட்டவர்

அந்த வரியை நீக்கிக் கார்டை பை 3-இல் போட்டேன், உடனே எழுந்தது. நன்றி ஐயா, மூன்று நாள் தூக்கம் திரும்பக் கிடைத்தது. பை 4 வாங்கப் போகிறேன். கார்டில் உள்ள கோப்புகளை வேறு கணினியில் வைத்துப் புதிய கார்டுக்கு நகலெடுத்தால் போதுமா?

பதில் 2

போதாது. மற்றக் கணினிகளில் தெரிவது தொடக்கக் கோப்புகள் இருக்கும் சிறிய ஃபேட் பகுதி மட்டும். உங்கள் கோப்புகள் ரிஸ்க் ஓஎஸ்ஸுக்கே உரிய ஃபைல்கோர் அமைப்பில் உள்ள மற்றப் பகுதியில் இருக்கின்றன. முழுக் கார்டையும் அப்படியே ஒரே இமேஜ் கோப்பாக எடுத்துப் புதிய கார்டில் எழுதுங்கள். பழைய கார்டை அழிக்காமல் வைத்திருங்கள்.