பழைய ராட்டினம்: மரபுரிமைக் கடிதம் வந்திருக்கிறது, பேரிங்கை மாற்றலாமா?

ஜிந்துப்பிட்டியான்:
வணக்கம். அவசரம். எங்கள் ராட்டினம் சுற்றும்போது மேலேயிருந்து கரகரவென்று சத்தம் வருகிறது. சுற்றுக்கு ஒரு தடவை உதறுகிறது. பேரிங்கை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக் பாஸ். பெரியப்பா விடமாட்டேன் என்கிறார். மரபுரிமைப் பட்டியலில் சேர்ப்பது பற்றி ஒரு குழுவிடமிருந்து கடிதம் வந்திருப்பதால், இந்த நேரத்தில் ஓர் ஆணியைக்கூடக் கழற்றக் கூடாதாம். கொழும்பு ஆடி வேல் திருவிழா நெருங்கிவிட்டது. சட்டப்படி மாற்றலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பழையசோனகத்தெரு:
எந்த ராட்டினம் தம்பி? தொட்டில் ராட்டினமா, குதிரை ராட்டினமா? மோட்டாரா, கையால் சுற்றுவதா? பேரிங்கின் நம்பர் என்ன? நம்பரைத் தந்தால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்கிறேன்.

கிறீஸ்கை:
பேரிங்கைக் குறை சொல்ல வேண்டாம். சுற்றுக்கு ஒரு தடவை உதறினால் கோளாறு தரையில் இருக்கிறது. நடுத்தூணுக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். தூண் சாய்ந்திருந்தால் பாரம் கீழ்நோக்கி வரும்போது வேகம் பிடிக்கும், மேலே ஏறும்போது பெல்ட் நழுவும். பிள்ளைகள் ஒரு பக்கமாக ஏறியிருந்தால் உதறல் இரட்டிப்பாகும். சாய்ந்த தூணில் புதுப் பேரிங்கைப் போட்டாலும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சுண்ணாம்புச்சாந்து:
இந்தக் களத்தில் இதே விஷயத்தைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. இன்னொரு முறை சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

இலங்கையில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2 தான் அதன் எல்லைக்கோடு. அதற்கு முந்திய நினைவுச்சின்னம் தானாகவே சட்டத்துக்குள் வரும். பிந்தியது என்றால் அமைச்சர் வர்த்தமானியில், அதாவது அரசிதழில், கட்டளை வெளியிட வேண்டும். ஒரு குழுவின் கடிதம் வர்த்தமானி ஆகாது.

கேட்டவர் சொல்ல வேண்டிய எதையும் சொல்லவில்லை. ராட்டினம் நிலத்தோடு பொருத்தப்பட்டதா, கழற்றிக் கொண்டுபோவதா? உரிமையாளர் யார்? எந்தக் காலத்தது? கடிதம் அனுப்பியவர்களுக்குச் சட்ட அதிகாரம் இருக்கிறதா? இவை இல்லாமல் யார் பதில் சொன்னாலும் அது ஊகம்.

ஜிந்துப்பிட்டியான்:
குதிரை ராட்டினம். மோட்டார். லொறியில் ஏற்றித் திருவிழாவுக்குத் திருவிழா கொண்டுபோய் நிறுத்துவோம், ராட்டினம் என்றால் அப்படித்தானே. பெரியப்பாவின் தகப்பனார் வாங்கியது, ஆண்டு தெரியாது. வர்த்தமானி எதுவும் வரவில்லை. கடிதத்தில் "மூலப் பாகங்களை அப்படியே பேணுமாறு வேண்டுகிறோம்" என்று ஒரு வரி இருக்கிறது. பெரியப்பா அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

பழையசோனகத்தெரு:
பேரிங் நம்பரைக் கேட்டேனே தம்பி.

தேம்ஸ்ஓரம்:
நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவள், இப்போது இங்கிலாந்தில் கென்ட் பக்கம் இருக்கிறேன். உங்கள் பெரியப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. இங்கேயும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் நடப்பது வேறு.

மார்கேட் என்ற கடற்கரை ஊரில் ட்ரீம்லாண்ட் பூங்கா இருக்கிறது. அங்கே 1920 இல் சீனிக் ரயில்வே என்ற மரத்தாலான மலைரயிலை (ரோலர் கோஸ்டர்) கட்டினார்கள். வண்டியில் ஒருவர் கூடவே போய்க் கையால் பிரேக் பிடிப்பார். 2002 இல் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். 2008 ஏப்ரலில் தீப்பிடித்ததில் சுமார் கால்வாசி எரிந்தது, வண்டிகளும் போயின. பட்டியலால் தீயைத் தடுக்க முடியவில்லை. ஆனால் மிச்சத்தைப் பிடுங்கிவிட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுப்பதை அது கடினமாக்கியது. கடைசியில் புது மரம் வைத்து, புது வண்டிகள் செய்து, 2015 அக்டோபரில் மறுபடி ஓடவிட்டார்கள்.

இங்குள்ள விதி இதுதான். அதே பொருளில், அதே அளவில், அதே முறையில் பழுதுபார்ப்பதற்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. அதன் தன்மையை மாற்றும் வேலைக்குத்தான் உள்ளூராட்சி சபையின் ஒப்புதல் வேண்டும். தேய்ந்த பாகத்தைத் தேயாத பாகத்தால் மாற்றுவதை யாரும் சிதைப்பு என்று சொல்வதில்லை. கவனிக்காமல் போட்டுவைப்பதுதான் சிதைப்பு.

மொறட்டுவைமரம்:
அக்கா சொல்வது முழுக்கச் சரி. நான் தச்சு வேலைக் குடும்பம். மழையில் நனைந்து வெயிலில் காயும் மரத்தை மாற்றித்தான் ஆகவேண்டும். நியூயோர்க்கின் கோனி ஐலண்டில் 1927 இல் திறந்த சைக்ளோன் என்ற மலைரயில் 1988 இல் பாதுகாக்கப்பட்ட நகரச் சின்னம் ஆனது. ஆட்கள் வராத குளிர்காலங்களில் அதன் தண்டவாளத்தைப் பகுதி பகுதியாக மாற்றியிருக்கிறார்கள். அதற்காக அது சைக்ளோன் இல்லை என்று ஆகிவிடுமா?

சுண்ணாம்புச்சாந்து:
மரவேலைக்காரர் எல்லாவற்றையும் மரவேலையாகவே பார்க்கிறார். மாற்றிக்கொண்டே போனால் ஒருநாள் பெயர் மட்டும்தான் பழையதாக இருக்கும். பழைய சின்னங்களைப் பேணுவது பற்றிய 1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தைப் படியுங்கள். புதிதாகச் சேர்க்கும் பாகம் முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், அதே நேரத்தில் இது மூலப் பாகம் இல்லை என்று பிரித்தறியவும் முடிய வேண்டும். வரலாற்றுச் சான்று பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்யும் வேலையில்லை.

மொறட்டுவைமரம்:
சாசனம் கற்கோயிலுக்கும் அரண்மனைக்கும் சரி. இது பிள்ளைகள் ஏறுகிற இயந்திரம். அதே கோனி ஐலண்டில் பாரசூட் கோபுரம் இருக்கிறது. 1939 உலகக் கண்காட்சிக்குக் கட்டி, பிறகு அங்கே கொண்டுவந்தது. 1960களில் ஓட்டத்தை நிறுத்தினார்கள், 1989 இல் சின்னமாக அறிவித்தார்கள். இரும்பு அழகாக நிற்கிறது, ஏறுவதற்கு வழியில்லை. அதே 1989 இல் சின்னமான வொண்டர் வீல் என்ற பெரிய தொட்டில் ராட்டினம் 1920 இலிருந்து இன்றுவரை ஆட்களை ஏற்றிச் சுற்றுகிறது. ஒன்றைப் பார்க்கலாம், மற்றதில் போகலாம். எது காப்பாற்றப்பட்டது என்று நீங்களே சொல்லுங்கள்.

சுண்ணாம்புச்சாந்து:
இரண்டும்தான். ஓடாவிட்டால் அழிந்துபோனது என்று கணக்கா? ஓட்டியே தீருவோம் என்று கிளம்பி, குதிரைக்கெல்லாம் பைபரில் கால் வைத்து, எல்இடி மாலை போட்டு நிறுத்தியிருப்பதை எத்தனை திருவிழாக்களில் பார்த்திருக்கிறோம்? அது சுற்றுகிறது, சரி. பழைய தச்சனின் கை அதில் எங்கே இருக்கிறது?

கடலோரக்காற்று:
பைபரை ஏன் இவ்வளவு வெறுக்கிறீர்கள்? எடை குறைவு, கறையான் அரிக்காது. மரக்கால் உடைந்து பிள்ளை விழுந்தால் சாசனமா வந்து தூக்கும்?

மொறட்டுவைமரம்:
பைபருக்கு நானும் எதிர்ப்பு. உடைந்த காலை வெட்டி, அதே இன மரத்தில் துண்டு செதுக்கி, முளை அடித்து ஒட்டலாம். தேக்கு என்றால் தேக்கு, பலா என்றால் பலா. ரேகை ஓடும் திசையைப் பார்த்து வைத்தால் இன்னொரு தலைமுறைக்கு நிற்கும்.

தேம்ஸ்ஓரம்:
இடம் மாறுகிற ராட்டினத்துக்கு மரபுரிமை மதிப்பு உண்டா என்றும் கேள்வி வரும். மெல்பேர்ண் லூனா பார்க்கிலுள்ள குதிரை ராட்டினம் 1913 இல் செய்தது. முதலில் சிட்னியில் இருந்தது, 1923 இல்தான் மெல்பேர்ணுக்கு வந்தது. பிற்காலத்தில் பூசிய பெயின்ட்டைப் படைபடையாக நீக்கி அடியிலிருந்த பழைய சித்திர வேலையை வெளியே கொண்டுவந்தார்கள். ஜிந்துப்பிட்டியான், உங்கள் குதிரைகளைத் தயவுசெய்து உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், அந்தத் தூசு பிள்ளைகளுக்கு விஷம். அடியில் என்ன வேலைப்பாடு இருக்கிறது என்பதும் தெரியாமலே அழிந்துவிடும்.

கிறீஸ்கை:
எல்லோரும் மெல்பேர்ணுக்குப் போய்விட்டீர்கள். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாரா, இல்லையா?

பழையசோனகத்தெரு:
தம்பி, நம்பர் தெரியாவிட்டால் பரவாயில்லை, இதைச் செய்யுங்கள். முதலில் ஓட்டத்தை நிறுத்துங்கள். சத்தத்தோடு பிள்ளைகளை ஏற்ற வேண்டாம், சட்டத்தைப் பிறகு பார்க்கலாம். மேல்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கிறீஸைக் கொஞ்சம் எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேயுங்கள். வெயிலில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மணல்போல் நெருடினால் பேரிங்கின் குண்டு அல்லது வளையம் உடைந்திருக்கிறது. மஞ்சளாக மினுங்கினால் அது பெரும்பாலும் பேரிங் இல்லை, வெண்கலப் புஷ், அதாவது தண்டு உள்ளே சுற்றும் உலோக வளையம். பழைய ராட்டினங்களில் புஷ் வைத்திருப்பார்கள். புஷ் என்றால் கடைசல் பட்டறையில் அச்சொட்டாகச் செய்து தருவார்கள்.

சுண்ணாம்புச்சாந்து:
கடைசல் வேலைக்குக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு படியிலும் படம் எடுங்கள். பழைய பாகத்தின் உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றையும் குறித்துவையுங்கள். புதிய பாகத்தில் வெளியே தெரியாத முகத்தில் ஆண்டைப் பொறியுங்கள். பழையதை எறிய வேண்டாம். இவ்வளவும் செய்தால் எந்தக் குழுவும் உங்கள் மேல் விரல் நீட்ட முடியாது. பேணுவது என்றால் பராமரிப்பும் அதற்குள் அடக்கம். கொழும்புக் கோட்டையில் ஒல்லாந்தர் வைத்தியசாலையைத் திருத்தி 2011 இல் கடைகளாகத் திறந்தார்கள். ஆட்கள் வந்துபோவதால்தான் அந்தக் கூரை இன்றைக்கும் கவனிக்கப்படுகிறது.

மொறட்டுவைமரம்:
இதைத்தான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன்.

சுண்ணாம்புச்சாந்து:
இல்லை. நீங்கள் மாற்றச் சொன்னீர்கள். நான் பதிவுசெய்துவிட்டு மாற்றச் சொல்கிறேன். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் உங்களுக்கு விளங்கவில்லை.

கடலோரக்காற்று:
கேட்டவர் எங்கே?

ஜிந்துப்பிட்டியான்:
மன்னிக்கவும், வேலை நெருக்கடி. கழற்றிப் பார்த்தோம். மஞ்சள் துகள்தான். புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து துளை முட்டை வடிவமாகியிருந்தது. தூணும் கொஞ்சம் சாய்வு, கீழே கட்டை வைத்து நிமிர்த்தினோம். ஆமர் வீதிப் பக்கம் ஒரு பட்டறையில் வெண்கலத்தில் கடைந்து போட்டாயிற்று, ஆண்டும் பொறித்தாயிற்று. படங்களைக் காட்டியதும் பெரியப்பா சம்மதித்தார். பழைய புஷ்ஷை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி அவரே வைத்திருக்கிறார். சத்தம் இல்லை. எல்லோருக்கும் நன்றி.

கிறீஸ்கை:
தூண் சாய்ந்திருந்தது. புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்ததற்கு அதுதான் காரணம். ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தியவுடன் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள்.

பழையசோனகத்தெரு:
சந்தோஷம் தம்பி. பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் மணல் மூட்டைகளை வைத்து முழுப் பாரத்தில் சுற்றவிட்டுப் பார்த்தீர்களா?

தேம்ஸ்ஓரம்:
அந்தக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதினீர்கள்? ராட்டினம் தொடர்ந்து ஓட வேண்டும், தேய்ந்த பாகங்களைப் பதிவுசெய்து மாற்றுவோம் என்பதை நிபந்தனையாகவே எழுதிக் கேளுங்கள். பட்டியலில் சேர்ந்த பிறகு கேட்பதைவிட இப்போது கேட்பது சுலபம்.

மொறட்டுவைமரம்:
குதிரைகள் என்ன மரம் என்று பார்த்துச் சொல்லுங்கள் தம்பி. காதும் காலும் எப்படி இருக்கின்றன?