மறு: கிளிப்பிங் – ‘கத்தரிப்பு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். ஒலித்தொகுப்பு மென்பொருளைத் தமிழாக்கும்போது ‘கிளிப்பிங்’ (clipping: ஒலி வரம்பு மீறி அலையின் முகடு வெட்டுப்பட்டுச் சிதைவது) என்பதற்கு என்ன சொல் வைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> ‘கத்தரிப்பு’ என்றே வைத்துவிடலாம். எளிமையாக இருக்கிறது, பொருளும் நேராக வருகிறது.

எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒலித்தொகுப்பு செய்பவருக்கு நாள் முழுக்கக் கத்தரிப்பதுதானே வேலை! வேண்டாத பகுதியை வெட்டி எடுப்பதும் கத்தரிப்பு, உள்ளீடு கூடிப்போய் அலை சிதைவதும் கத்தரிப்பு என்றால், உதவிப் பக்கத்தில் “கத்தரிப்பைத் தவிர்க்கவும்” என்று படிப்பவர் எதைத் தவிர்ப்பார்? முதலாவது நாமாகச் செய்வது, இரண்டாவது நாம் கவனிக்காதபோது நேர்வது.

நடப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம். பழைய கேசட்டைக் கணினியில் ஏற்றுகிறோம். எண்முறைப் பதிவில் உச்ச வரம்பு சுழியம் டெசிபெல்; அதற்குக் கீழே உள்ளவை −6, −18 என்று கழித்தல் குறியோடு வரும். அதற்கு மேல் எழுத எண்ணே கிடையாது. கணினி ஒலியலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்ணாக எழுதுகிறது; அந்த ஒவ்வோர் அளவீடும் ஒரு ‘மாதிரி’ (sample). ஒவ்வோர் எண்ணுக்கும் 16 பிட் ஒதுக்கும் பதிவில் ஒரு மாதிரி பெறக்கூடிய பெரிய மதிப்பு 32,767. அதைத் தாண்டி வருவதெல்லாம் அதே 32,767 என்றே பதிவாகும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வளைந்து இறங்க வேண்டிய முகட்டில் புள்ளிகள் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும். காதில் கரகரக்கும். பிறகு ஒலியைக் குறைத்தாலும் கரகரப்பு சன்னமாகக் கேட்குமே தவிர, போன முகடு திரும்பாது.

தானியத்தைத் தலைதட்டி அளப்போம் இல்லையா? விளிம்புக்கு மேல் குவிந்திருப்பதை வழித்துத் தள்ளிவிடுவது. அந்தச் சொல்லையே எடுத்து ‘தலைதட்டல்’ என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. “இந்த இடத்தில் அலை தலைதட்டியிருக்கிறது”, “தலைதட்டிய பதிவு” என்று வினையாகவும் எச்சமாகவும் வளைந்து கொடுக்கிறது. கத்தரிப்போடு குழம்பாது.

> நாடாவிலும் இதுதானே நடக்கிறது? அதற்கும் இதே சொல்லா?

இல்லை, அங்கே வேறு சொல் வேண்டும். நாடாவின் காந்தப்பூச்சு இதற்கு மேல் ஏற்க முடியாதபடி நிறைந்துவிடும்போது முகடு சட்டென்று தட்டையாகாது, மெல்ல அமுங்கும். டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) ஒலி மட்டத்தைக் காட்டும் முள் சிவப்புக்குள் போனாலும் ஓரளவு கேட்கும்படியே இருக்கும். அந்த ஒலிக்காகவே வேண்டுமென்று ஏற்றிப் பதிந்தவர்களும் உண்டு. அதை ‘மழுங்கல்’ எனலாம்.

இரண்டையும் பிரிக்காமல் விட்டால் ஒரு தொல்லை இருக்கிறது. முள்காட்டியின் சுழியமும் கணினியின் சுழியமும் ஒன்று என்று நினைத்துக்கொள்வார்கள். முள் காட்டுவது ஏறத்தாழச் சராசரியை. அது நிலைகொள்ளவே சுமார் 300 மில்லிநொடி ஆகும். ஒரு கைதட்டலின் உச்சம் அதற்குள் வந்து போய்விடும். அதனால்தான் ஒலிபரப்புத் துறையில் முள்ளின் சுழியத்தைக் கணினிப் பக்கத்தில் −18 அல்லது −20 டெசிபெல்லில் பொருத்துகிறார்கள்.

> ஹெட்ரூமுக்கு ‘மேலிடம்’ எப்படி?

ஹெட்ரூம் என்பது முகட்டுக்கும் உச்ச வரம்புக்கும் இடையே நாம் விடும் இடைவெளி. மேலிடம் என்றால் எனக்குக் கட்சித் தலைமைதான் நினைவுக்கு வருகிறது. “மேலிடம் போதவில்லை” என்று மென்பொருள் சொன்னால் சிரிப்பு வரும். ‘தலைவெளி’ என்று வைத்தால் தலைதட்டலுக்கு ஜோடியாகவும் அமைகிறது. வழிகாட்டியில் இப்படி எழுதலாம்: “பதிவிலேயே மிக உரத்த பகுதியை முதலில் ஓட்டிப் பாருங்கள். முகடு −6 டெசிபெல்லைத் தாண்டாதபடி தலைவெளி விடுங்கள்.”

தலைவெளி விட்டால் தரம் குறையுமே என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். மிக உரத்த ஒலிக்கும் பதிவு முறையின் இரைச்சலுக்கும் இடையே ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபெல் என்றால் 16 பிட்டுக்கே 96 வருகிறது. சாதாரண கேசட்டின் உரத்த ஒலிக்கும் அதன் சொந்த இரைச்சலுக்கும் இடையே இருப்பது 50, 60தான்; அதனால் கொஞ்சம் தலைவெளி விட்டாலும் எதுவும் இழப்பாகாது. 24 பிட்டில் எடுத்தால் −12இல் வைத்தாலும் கவலையில்லை.

இன்னொன்று. முகடு −10இலேயே தட்டையாக நிற்கும் பதிவுகளையும் பார்க்கலாம். டெக்கின் வெளியீட்டை மைக் துளையில் செருகினால் இப்படி ஆகும். எண்ணாக மாறும் முன்பே, மைக்குக்கான பெருக்கியில் தலைதட்டிவிட்டது. மென்பொருளில் மட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் நழுவலை (slider) எவ்வளவு இறக்கினாலும் பயனில்லை, டெக் போன்ற கருவிகளுக்கான லைன் துளைக்கு (line-in) மாற்ற வேண்டும். இதற்கு ‘உள்ளீட்டுத் தலைதட்டல்’ என்று அடைமொழி சேர்த்தால் போதும், புதுச் சொல் தேவைப்படாது.

‘லெவலு’க்கு ‘மட்டம்’ ஏற்கெனவே புழங்குகிறது, அப்படியே இருக்கட்டும். ‘கெயினு’க்குப் ‘பெருக்கம்’ போதுமா என்பதைத் தனி இழையில் பேசலாம். தலைதட்டல், தலைவெளி, மழுங்கல் மூன்றுக்கும் மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.