புதுப்பிப்பு: சிட்சிகாமாவில் கூடாரம் எங்கே போடுவது?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: டர்பனிலிருந்து குடும்பத்தோடு தென்னாப்பிரிக்காவின் தெற்குக் கடற்கரையிலுள்ள சிட்சிகாமா தேசியப் பூங்காவுக்குப் போகிறோம், அங்கே ஸ்டோர்ம்ஸ் ரிவர் மவுத் முகாமில் கடலை ஒட்டிய இடமா, பின்னால் மரங்களின் பக்கமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மரங்களின் பக்கமே போடுகிறோம். முன்வரிசையில் காற்று கூடாரத்தையே பிய்த்துவிடும் என்று மூன்று பேர் எச்சரித்தபிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

அங்கே வருஷம் முழுக்க மழை உண்டு என்பதால், முற்றத்தில் கூடாரத்தை விரித்து, தோட்டக்குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். பத்து நிமிஷத்தில் இடது மூலைத் தையலில் ஒரு சொட்டு திரண்டு, அம்மாவின் தலையணை வைக்க நினைத்த இடத்திலேயே விழுந்தது. தையலுக்குப் பசை பூசிக் காயவைத்து மறுபடி அடித்தோம். இப்போது சொட்டவில்லை. தயவுசெய்து நீங்களும் கிளம்புமுன் இதைச் செய்யுங்கள்.

அப்புறம், மாமாவின் தூண்டில் வீட்டிலேயே இருக்கும். அந்த முகாமை ஒட்டிய கடல் 1964 முதல் பாதுகாக்கப்பட்டது, வெளியூர்க்காரர்கள் மீன்பிடிக்கக் கூடாது. அவருக்கு வருத்தம்தான், ஆனால் அந்த மீன்கள் அங்கேயே இருக்கட்டும்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம். கோக்ஸ்டாட், உம்டாட்டா வழியாகப் பகலில் மட்டும் ஓட்டி, ஈஸ்ட் லண்டனில் இரவு தங்குகிறோம். சாலையில் மாடுகள் நிற்கும் என்று சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி.

முகாமிலிருந்து கடலோரமாகப் போகும் ஆட்டர் நடைபாதையின் முதல் மூன்று கிலோமீட்டர், அருவி வரை, நானும் மகளும் நடப்போம். பாறைகளில் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு நடப்பது சரிவருமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.