1750-ஆ, 1751-ஆ? ஃபிலடெல்பியா வீட்டுக் கடிதம் ஒன்றுக்கு ஆண்டு குறிக்க உதவி வேண்டும்

வணக்கம். ஃபிலடெல்பியாவில் வாழ்ந்த குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) வணிகர் குடும்பம் ஒன்றின் கடிதங்களை ஸ்கேனிலிருந்து வரிசைப்படுத்துகிறேன். ஒரு கடிதம் மட்டும் எங்கும் பொருந்தாமல் நிற்கிறது. மேலே இருப்பது "12-ஆம் மாதம் 20, 1750", அவ்வளவுதான்.

1752-க்கு முன் குவேக்கர்களுக்கு மார்ச்தான் முதல் மாதம். ஆகவே இது பிப்ரவரி. அன்றைய சட்டப்படி ஆண்டு பிறப்பது மார்ச் 25 என்பதால் நம் கணக்கில் 1751. ஆனால் ஜனவரியிலேயே ஆண்டை மாற்றி எழுதியவர்களும் உண்டு, அப்படியானால் 1750. இதே குடும்பம் மற்ற கடிதங்களில் 1748/49 என்று இரட்டையாகப் போடுகிறது, இதில் இல்லை.

கிழமை உதவியிருக்கும்; குவேக்கர்கள் அதையும் எண்ணால்தான் எழுதுவார்கள். அரக்கு முத்திரையைப் பிரித்தபோது அந்த இடமே கிழிந்து, "ஆம் நாள்" என்பது மட்டும் மிச்சம். எழுதியவர் வீட்டுத் தலைவி என்பதால் வணிகக் கடிதங்களின் நகல் ஏட்டிலும் இது ஏறவில்லை. 120 ஸ்பானிய டாலருக்கு 45 பவுண்டு என்று ஒரு கணக்கு வருகிறது. டாலருக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற பென்சில்வேனியா விகிதம் பல ஆண்டுகள் மாறாதது, அதனால் பயனில்லை. பென்சில்வேனியா கெஜட் செய்தித்தாளின் கப்பல் வரவுப் பட்டியலையும் பார்த்தாயிற்று. டெலவேர் ஆறு உறையும் பருவம், துப்பு கிடைக்கவில்லை.

மிச்சமிருப்பது ஒரே பிடி: உறவுப்பெண் ஒருத்தி குவேக்கர் சபையின் மாதாந்திரக் கூட்டத்தில் திருமண விருப்பத்தை முதல் முறை அறிவித்ததாகக் கடிதம் சொல்கிறது. அந்தக் கூட்டத்தின் 1750, 1751 பெண்கள் குறிப்பேட்டை ஸ்கேனாக எங்கே பார்க்கலாம்?