பெர்த்தில் பெட்ரோல் விலை: யாரிடம் புகார், எதற்குப் புகார்?

கேள்வி: காக்கா, கீழக்கரையிலிருந்து பெர்த்துக்கு வந்த புதுசு. ஒரே ரோட்டில் ரெண்டு பங்க், லிட்டருக்கு 20 சென்ட் வித்தியாசம். துபாயில் இருக்கும் மச்சான், அரசாங்கத்திடம் புகார் கொடு என்கிறார். எங்கே கொடுப்பது?

பதில் 1: தம்பி, துபாய்க் கணக்கு இங்கே ஓடாது. அங்கே அரசுக் குழு மாதாமாதம் விலையை அறிவிக்கும். ஆஸ்திரேலியாவில் விலை வைப்பது பங்க்காரர். ஏசிசிசி என்ற நுகர்வோர் ஆணையம் விலையைக் கண்காணித்து அறிக்கை போடும், பங்க்காரர்கள் கூடிப்பேசி விலை வைத்தால் கோர்ட்டுக்கு இழுக்கும். விலை கூடுதல் என்பது மட்டும் குற்றமில்லை.

உங்களுக்கு உதவுவது ஃப்யூயல்வாட்ச் என்ற அரசாங்க விலை அறிவிப்புச் சேவை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2001 முதல் இருக்கிறது. நாளைய விலையை பங்க்காரர் இன்று மதியம் 2 மணிக்குள் பதிய வேண்டும். 2.30க்கு எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலை 6 மணியிலிருந்து 24 மணி நேரம் அதே விலைதான், கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. நம்மூரிலும் 6 மணிக்குத்தான் மாறுகிறது, ஆனால் முந்தின நாளே யார் சொல்கிறார்கள்? நாளை ஏறும் என்று தெரிந்தால் இன்றைக்கே நிரப்பிவிடுங்கள். பெர்த்தில் விலை ஒரே நாளில் எகிறும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இன்ன கிழமைதான் மலிவு என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள், அந்தக் கிழமை முன்பே மாறியிருக்கிறது. சூப்பர்மார்க்கெட் ரசீதின் 4 சென்ட் தள்ளுபடிக்காக 20 சென்ட் கூடுதலான பங்க்குக்குப் போவதும் நஷ்டம்தான்.

பதில் 2: காக்கா சொன்னது சரி. புகார் நிற்கும் இடங்களும் உண்டு. பதிந்த விலைக்கு மேல் வாங்கினாலோ, போர்டில் ஒன்று மெஷினில் ஒன்று என்றிருந்தாலோ ஃப்யூயல்வாட்சுக்கு எழுதலாம். போர்டையும் மெஷினையும் அங்கேயே போட்டோ எடுங்கள். ரசீது, மெஷின் எண், எண்ணெய் வகை, நேரம் நான்கும் வேண்டும்.

அளவில் சந்தேகம் என்றால் தேசிய அளவீட்டு நிறுவனம். ஆனால் "50 லிட்டர் டேங்கில் 53 ஏறியது" என்பதை மட்டும் வைத்துப் போகாதீர்கள். கையேட்டில் இருப்பது தோராயக் கொள்ளளவு, கழுத்துக் குழாயிலும் கொஞ்சம் பிடிக்கும். ஊற்றும் முன் மீட்டர் ஜீரோவில் இருக்கிறதா பாருங்கள். இங்கே ஊற்றுவது நீங்களே, அதனால் டீசலா பெட்ரோலா என்று எழுத்தைப் படியுங்கள். மாற்றி ஊற்றிவிட்டால் சாவியையே திருப்பாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சிட்னி போகிறவர்களுக்கு: அங்கே விலை பார்க்க ஃப்யூயல்செக் என்ற அரசாங்கச் சேவை. விலைப் பூட்டு கிடையாது, ஒரே நாளில் பலமுறை மாறலாம். கிளம்பும் முன் பாருங்கள், முந்தின நாள் பார்த்தது உதவாது.